பதினேழாம் நம்பரின் மதியத் தூக்கம்

மார்ச் 4

சம்பந்தி அம்மாளுக்கு,

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அதிலாவது நமக்குள் சண்டை இல்லை. என் மகள் வயிற்றுப் பெரிய பேரன் பாலம் கட்டுகிற கம்பெனியில் மேலே ஏறிவிட்டான். மஞ்சள் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்தாயிற்று, கீழே நாற்பது பேர். அவன் தங்கை கால்நடை வைத்தியம் படித்து முடித்த முதல் வாரமே ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தாள். பசு பிழைத்தது, கன்று பிழைத்தது, இவள் போட்டிருந்த உடுப்புதான் பிழைக்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் பொதுவான கடைக்குட்டி காலேஜ் நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவனுக்குக் கால் நீளம், அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவன் அக்கா, நம் சுண்டு, அடுத்த மாதம் 26ஆம் தேதி பெரிய மண்டபத்தில், தூக்கத்தைப் பற்றிப் படித்த பேராசிரியர்கள் இருநூறு பேர் முன்னால் நின்று பேசப் போகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி.

அந்த சுண்டுவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பத்தொன்பது வருஷம் கழித்து எழுதுகிறேனே என்று நீங்கள் யோசிப்பீர்கள். போன் பண்ணியிருக்கலாம். போன் என்றால் நீங்கள் நடுவில் வைத்துவிடுவீர்கள், கடிதம் என்றால் படித்து முடித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள்.

சுண்டு வேலை பார்க்கிற இடத்தில் அறுபத்தைந்து வயசுக்கு மேலே இருபத்துநாலு பேரைப் பிடித்து, தலையில் பட்டை கட்டி, தூங்கும்போது மூளையில் ஓடுகிற அலையை எடுத்தார்களே, அதில் நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். பெயர் கிடையாது, ஆளுக்கு ஒரு நம்பர். எந்த நம்பர் யார் என்று சுண்டுவுக்கே தெரியக் கூடாது என்று சட்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் குதிக்கிறாள். “பாட்டி, ஆழ்ந்த தூக்கத்துல மூளை மெதுவா பெரிய பெரிய அலையா அடிக்கும். எவ்வளவு நேரம் முழிச்சிருக்கோமோ அவ்வளவு உயரமா அடிக்கும். மாடித் தொட்டி மாதிரி வெச்சுக்கோயேன். பகல் பூரா நிரம்பும், ராத்திரி முதல் மூணு மணி நேரத்துல வேகமா இறங்கும், விடியறப்போ அலை சின்னதாயிடும்” என்றாள். சரி, அப்புறம்? “மூணு மணி நேரம் லேட்டா படுக்கச் சொன்னோம்ல, அந்த அஞ்சு நாளும் எல்லாருக்கும் அலை ஏறியிருக்கு. பதினேழாம் நம்பருக்கு மட்டும் ஏறவே இல்லை பாட்டி. இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடக்கு. பகல்ல ஒரு பொட்டுத் தூக்கம் இல்லைன்னு பத்து நாளும் எழுதியிருக்காங்க. தொட்டியே இல்லாத ஒரு மனுஷி. யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைச்சிருக்கு. என் பேச்சே பதினேழைப் பத்திதான்.”

தலைப்பட்டை வைத்துக் கொடுத்த என் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் பதினேழு என்று போட்டிருந்தது.

இப்போது கேட்கிறேன். கடைக்குட்டி பிறந்தபோது மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். கிளம்புகிற அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பதினோரு பேர் முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொன்னீர்கள். அது நீங்கள் கண்ணால் பார்த்ததா, சிரிக்க வைக்கச் சொன்னதா? என் மருமகளை, அதாவது உங்கள் மகளைக் கேட்டால், “அய்யோ இல்லை அத்தை” என்பாள். பொய் சொல்ல வராத ஆள் என்று எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருத்திதான். ஒரு வரி எழுதினால் போதும்.

சுண்டுவின் அப்பாவைப் பெற்றவள்


மார்ச் 9

சம்பந்தி அம்மாளுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். பார்த்ததுதான்.

மதியம் இரண்டு பத்துக்குத் தொடங்கி மூன்றேகால் வரை. ஜன்னல் ஓரத்துப் பிரம்பு நாற்காலி. மூன்று மாதத்தில் நீங்கள் தூங்காத மதியம் நான்கு. அந்த நான்கு நாளும் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நேரம் குறித்துக் குறித்துப் பழகிய கை, தெரியாமலேயே குறித்துக்கொண்டது.

நான் அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: “பகல்ல முதுகு சாய்க்காதவங்கன்னு எல்லாரும் சொல்றீங்களே, அவங்க குறட்டையில பிள்ளை முழிச்சுக்குது.” அதற்காகப் பத்தொன்பது வருஷம் ஒரு கூப்பிடல் இல்லை. கடைக்குட்டி நடந்ததை நான் பார்க்கவில்லை. பல் விழுந்ததை என் மகள் போனில் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீச்சலில் இரண்டாவதாக வந்ததை உங்கள் கடிதத்தில் தெரிந்துகொள்கிறேன்.

என் நம்பர் ஒன்பது. நான் பகலில் தூங்கினால் தூங்கினேன் என்று எழுதுவேன். இரண்டு நாள் எழுதியிருக்கிறேன்.

பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தேதி நெருங்குகிறது.

சுண்டுவின் அம்மாவைப் பெற்றவள்


மார்ச் 14

சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டாகக் கிழித்தேன். பிறகு பசை தடவி ஒட்டினேன். பைண்டிங் கடையில் இருபத்தேழு வருஷம் இருந்தவள், ஒட்டினது தெரியாது.

நான் பொய்க்காரி இல்லை சம்பந்தி. அந்தக் கடையில் காலையில் நின்றால் விளக்கு வைக்கிறவரை நின்றபடியே நோட்டுப் புத்தகம் தைத்தவள் நான். என் மாமியார் பேச்சுக்குப் பேச்சு குறை சொல்வார், அந்த மனுஷி வாயிலிருந்தே “பகல்ல படுக்காதவ” என்று ஒரு நல்ல வார்த்தை வாங்கியிருக்கிறேன். எனக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன நகை அது ஒன்றுதான். அதனால் அந்தப் படிவத்தில் “பகல் தூக்கம்” என்று இருந்த இடத்தில் “இல்லை” என்று எழுதும்போது நான் யோசிக்கக்கூட இல்லை. தூக்கம் என்றால் படுக்கை, தலையணை. நாற்காலியில் கண்ணை மூடுவது கண்ணுக்கு ஓய்வு. அப்படித்தான் நினைத்திருந்தேன், அப்படித்தான் எழுதினேன்.

ஆனாலும் உங்கள் இரண்டு பத்து, மூன்றேகால் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. உங்களைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று முந்தாநாள் ஒரு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதுவதென்று தீர்மானம். அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். 2.00 என்று முத்து முத்தாக இருக்கிறது. 2.05, 2.10. அடுத்த 2.15இல் ஐந்துக்கு வால் நீண்டுபோயிற்று. அப்புறம் பேனா தாளின் ஓரம் வரை ஒரு கோடாக ஓடி என் உடுப்பில் ஏறியிருக்கிறது. அடுத்த எழுத்து 3.20. நடுவில் பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போனாராம். எனக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மறுபடி பார்த்தேன். யாரோ வேறு ஒருத்தியின் காகிதம் மாதிரி இருந்தது.

சுண்டு நாற்பது வயசில் பெரிய ஆளாக இருக்கும்போது, “அந்தப் பதினேழு உங்க பாட்டியாமே, மதியம் குறட்டை விட்டவங்களாமே” என்று ஒருத்தர் சிரித்தால் நான் மண்ணுக்குள் இருந்தாலும் புரளுவேன். என் பெயர் போகட்டும், அவள் பெயர் போகக் கூடாது.

நேற்று பஸ் ஏறி, பட்டை கட்டிவிட வருகிற டெக்னீஷியன் அம்மாளைப் பார்க்க அந்த ஆபீசுக்கே போய்விட்டேன். நல்ல மாதிரி. திட்டவில்லை, பழைய படிவத்தை எடுத்து வைத்து, சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தார். “அடிச்சுட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா. ஒவ்வொண்ணுக்கும்.” பத்து “இல்லை”யையும் அடித்தேன். லேட்டாகப் படுத்த ஐந்து நாளும் நாலு மணி வரைக்கும் நாற்காலியில்தான் இருந்திருக்கிறேன் என்பது எழுதும்போதுதான் உறைத்தது. தொட்டி எப்படி நிரம்பும், நான்தான் மதியமே குழாயைத் திறந்துவிட்டேனே.

“இன்னொரு தடவை பண்றேம்மா, இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன்” என்றேன். அவர் யோசித்துவிட்டு, சுண்டுவின் பேராசிரியரைப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நம்பரை மட்டும் சொல்லித்தான் கேட்டாராம். பத்து நாள், 17ஆம் தேதியிலிருந்து. கையில் கடிகாரம் மாதிரி ஒன்று கட்டுவார்களாம், அசையாமல் இருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடுமாம். ‘அது எதுக்கு, என்னை நம்பலாமே’ என்று சொல்லத்தான் பார்த்தேன், ஆனால் என்னை நானே நம்புவதில்லை இப்போது.

வீட்டில் மதியம் ஆள் இல்லை. மகனும் உங்கள் மகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு மணிக்கு என்னைத் தூங்கவிடாமல் வைக்க எனக்குக் கோபம் வர வேண்டும். எனக்குக் கோபம் வரவழைக்க உங்களை விட்டால் ஆள் கிடையாது. பத்து நாள், தினம் இரண்டு மணிக்குப் போன் பண்ணுவீர்களா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டேன். 17க்குள் பதில் எழுத நாள் போதாது, வரும் திங்கள் இரண்டு மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

சுண்டுவின் அப்பாவைப் பெற்றவள்


மார்ச் 22

சம்பந்தி அம்மாளுக்கு,

இன்றோடு ஆறு நாள். போனில் பேசுவது உங்களை விழிக்க வைக்க. யோசித்துச் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேன். இரண்டையும் கலக்க வேண்டாம்.

குறிப்புக்காக எழுதி வைக்கிறேன். முதல் நாள் நாற்பது நிமிஷம் உங்கள் மகன் என் மகளுக்குக் கொடுக்காத மரியாதையைப் பற்றி நான் பேசினேன், நீங்கள் கத்தினீர்கள், தூக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் அதே விஷயம். மூன்றாம் நாள் என் சிறுநீரகக் கல் ஆபரேஷனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது “ம்” சத்தம் நின்றுபோனது. நான் பதினைந்து தடவை “ஹலோ” சொன்னேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் யாருக்கும் நான் ஐந்துக்கு மேல் சொன்னதில்லை. அன்றிலிருந்து நின்றுகொண்டு பேசச் சொன்னேன். நல்ல முடிவு. நேற்று நீங்கள் நோட்டுத் தைப்பது எப்படி என்று விளக்கியபோது தூக்கம் வந்தது எனக்கு. அதையும் என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இன்றிலிருந்து லேட்டாகப் படுக்கிற நாட்கள். மதியம் கஷ்டமாக இருக்கும். கட்டாயம் நிற்கவும். முகம் கழுவவும். சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கவும்.

ஒரு விஷயம். டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டீர்கள், சரி. பேராசிரியருக்கு நம்பர் மட்டும் தெரியும், அதுவும் சரி. சுண்டுவுக்குப் பதினேழு தன் பாட்டி என்று தெரியாது. அவள் தன் பேச்சை வாரக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறாள். திருத்தம் ஆபீஸ் காகிதமாகப் போய் அவள் மேஜையில் விழுவதற்கு முன்னால் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். டெலிபோன் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நினைக்கிறேன்.

சுண்டுவின் அம்மாவைப் பெற்றவள்


ஏப்ரல் 2

சம்பந்தி அம்மாளுக்கு,

பத்து நாளும் முடித்துவிட்டேன். நீங்கள் பதினைந்து “ஹலோ” சொன்ன அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர ஒரு மதியமும் கண் மூடவில்லை, அந்தக் கைக்கடிகாரமே சாட்சி. எட்டாம் நாள் நீங்கள் போனை வைத்த பிறகு மூன்று மணியிலிருந்து நாலரை வரை சமையலறையில் நின்றுகொண்டு எல்லா டப்பாவையும் இறக்கித் துடைத்து ஏற்றினேன். கால் கெஞ்சியது. நாற்காலி கூப்பிடுகிற மாதிரியே இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். உங்கள் மகள் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது.

ராத்திரி பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்ததுதான் தெரியும். எப்போதும் மூன்று தடவை எழுந்திருப்பேன், தண்ணீர் குடிப்பேன், ஜன்னலைப் பார்ப்பேன். இந்தத் தடவை கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி போனேன்.

நீங்கள் சொன்னபடி 28ஆம் தேதி சுண்டுவுக்கு நானே சொன்னேன். “சுண்டு, பதினேழாம் நம்பர் நான்தான், நான் தினமும் மதியம் தூங்கியிருக்கேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இடையில் நிறுத்தியிருந்தால் முடித்திருக்க மாட்டேன். அவள் போனை வைத்துவிடுவாளோ என்று பயம். ஏதாவது கேட்டுக்கொண்டிருப்போம் என்று, “அந்த அலை எப்படித்தான் வருது, சொல்லேன்” என்றேன். பாவம், சொன்னாள். குரல் செத்துப்போய்ச் சொன்னாள். முழித்திருக்கும்போது மூளையின் அணுக்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சளசளவென்று பேசிக்கொண்டிருக்குமாம். ஆழ்ந்து தூங்கும்போது லட்சம் லட்சமாக ஒன்றாக வாயை மூடுமாம், ஒன்றாகத் திறக்குமாம். கூட்டத்தில் தாறுமாறாகக் கேட்கிற கைதட்டல் கொஞ்ச நேரத்தில் ஒரே தாளமாகச் சேருமே, அப்படி. அதிக நேரம் முழித்திருந்தால் அதிகம் பேர் சேர்ந்து தட்டுவார்கள், அலை உயரும். பகலில் எந்த இடம் அதிகம் உழைத்ததோ அந்த இடத்தில் இன்னும் உயருமாம். வயசாக ஆக எல்லாருக்குமே கொஞ்சம் குட்டையாகும், ஆனால் ஏறி இறங்குகிற பழக்கம் போகாது.

“போகவே இல்லைன்னு நினைச்சேன் பாட்டி, பதினேழுக்கு மட்டும்” என்றாள். அப்புறம் “சரி பாட்டி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஐந்து நாள் ஆகிறது. அவள் போன் வரவில்லை. எழுதி வைத்த பேச்சில் பாதி போய்விட்டது அவளுக்கு. நான்தானே கிழித்தேன். இது ஒட்டுகிற காகிதம் இல்லை.

ஆனாலும் செய்ததற்கு வருத்தமில்லை. மறுபடி கேட்டால் மறுபடி சொல்வேன்.

சுண்டுவின் அப்பாவைப் பெற்றவள்


ஏப்ரல் 8

சம்பந்தி அம்மாளுக்கு,

சுண்டு எனக்குப் போன் பண்ணினாள். 5ஆம் தேதி, ஒரு மணி நேரம் பதினோரு நிமிஷம். அழுதாள். உங்கள் மேல் கோபம் இல்லை என்றாள், தன் மேல்தான் என்றாள். வினோதமாக ஒன்று கிடைத்ததும், “இது சரிதானா” என்று கேட்காமல் “இது என்னுடையது” என்று குதித்துவிட்டாளாம். “பாட்டிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோணுச்சு, எனக்குத் தோணலை” என்றாள். உங்களுக்குப் போன் பண்ண வெட்கமாக இருக்கிறதாம். வெட்கப்படட்டும், இரண்டு நாளில் தெளிந்துவிடும்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியதற்குக் குறட்டை காரணம் இல்லை. கடைக்குட்டி என் தோளில் கத்துவான். உங்கள் தோளுக்கு மாற்றினால் உடனே தூங்கிப்போவான். மூன்று மாதமும் அப்படியே. மதியம் நீங்கள் அந்த நாற்காலியில் தூங்கும்போது அவன் உங்கள் நெஞ்சில்தான் கிடந்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு. ராத்திரி நாலு தடவை எழுந்து அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தது நீங்கள்தான். மதியம் தூக்கம் வராமல் எங்கே போகும்? அதை நான் மேஜையில் சொல்லவில்லை. குறட்டையில் அவன் முழித்தது ஒன்றிரண்டு தடவைதான். நான் பார்த்ததில் பாதியைத்தான் சொன்னேன்.

பொய் சொல்ல வராத ஆள் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சிவப்பு மையில்.

சுண்டுவின் அம்மாவைப் பெற்றவள்


ஏப்ரல் 30

சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பிள்ளை என் நெஞ்சில் கிடந்தது எனக்கு ஞாபகமே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தேனே. அந்த மூன்று மாதத்தில் அதை முழித்துப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். பத்தொன்பது வருஷம் உங்களை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தது என் தப்பு. எழுதிவிட்டேன், இதை அடிக்க மாட்டேன்.

26ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன், சுண்டுவே முந்தாநாள் வீட்டுக்கு வந்து சொன்னது. என் இரண்டாவது பத்து நாளில் அலை ஏறியிருக்கிறது. மலை மாதிரியெல்லாம் இல்லை, என் வயசுக்கு எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. லேட்டாகப் படுத்த நாட்களில் இன்னும் ஏறியிருக்கிறது. ஆனால் மற்றவர்கள் கையில் கடிகாரம் கட்டாமல் செய்தார்கள், நான் கட்டிக்கொண்டு செய்தேன். ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டாராம். பதினேழாம் நம்பர் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. இருபத்துநாலு போய் இருபத்துமூன்று. அதைக் கேட்டபோது வலித்தது சம்பந்தி, மறைப்பானேன்.

சுண்டு மண்டபத்தில் அதை மூடவில்லை. “ஒருவர் தாமாக முன்வந்து தம் குறிப்பைத் திருத்தினார், அதனால் அவரை எடுத்துவிட்டோம். எங்கள் கேள்விதான் தப்பு, அவர் பதில் இல்லை” என்று சொல்லியிருக்கிறாள். பின் வரிசையிலிருந்து ஒரு வயசான டாக்டர் எழுந்து, “என்ன கேட்டிருக்கணும்?” என்றாராம். அதற்கு இவள் புதுப் படிவத்தைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அடுத்த மாதம் அறுபது பேரை வைத்து ஆரம்பிக்கிறார்களாம், எல்லாருக்கும் அதுதான் படிவம். பழைய “பகல் தூக்கம்” என்கிற வரியை எடுத்துவிட்டு, “இன்று மதியம் நாற்காலியிலோ, பஸ்ஸிலோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ கண் மூடி இருந்தீர்களா? எத்தனை நிமிஷம்?” என்று போட்டிருக்கிறார்கள். மண்டபத்தில் சிலர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்களாம். ஐந்தாம் வகுப்பு படித்தவள் சொல்லி ஆராய்ச்சிப் படிவத்தில் ஒரு வரி மாறியிருக்கிறது. பிள்ளைகள் சேதியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் பிள்ளை இல்லாவிட்டாலும்.

சுண்டு இங்கே இரண்டு நாள் இருந்தாள். முதல் நாள் மதியம் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். “தூங்கு பாட்டி, இனி யாரும் எண்ண மாட்டாங்க” என்றாள். அரை மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் “தூங்கிட்டேன்” என்று நானே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

கடைக்குட்டிக்கு அடுத்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து லீவு. அன்றைக்கே அவனை உங்களிடம் அனுப்புகிறேன், ஒரு மாதம் இருப்பான். நிறையச் சாப்பிடுவான், கேட்டால்தான் பேசுவான், தொட்டால் எரிந்து விழுவான். தாங்கிக்கொள்ளுங்கள். அவன் திரும்பும்போது நீங்களும் கூடவே வாருங்கள், மேல் அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. எங்கள் கூடத்துச் சுவரில் குடும்பம் முழுக்க மாட்டியிருக்கிறது, உங்களைத் தவிர. கல்யாணப் படத்தில் நீங்கள் இருந்தீர்கள், அதை நான் என்ன பண்ணினேன் என்று கேட்காதீர்கள். போனில் உங்கள் குரல் எனக்குப் பழகிவிட்டது, முகம்தான் பத்தொன்பது வருஷம் பழசாக நிற்கிறது. ஸ்டூடியோவுக்குப் போய், நேராகப் பார்த்து உட்கார்ந்து, புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். சட்டம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆணியும் அடித்தாயிற்று.

சுண்டுவின் அப்பாவைப் பெற்றவள்